ஆறு வோல்ட் திருடன்

"என் தம்பி ஜாபிர் ஒரு திருடன்னு நிரூபிச்சுக் குடுங்க சார். இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள."

ஃபஹ்மிதா இப்படிச் சொன்னதும் குந்தவையின் கையிலிருந்த வடை வாய்க்குப் போகிற வழியிலேயே நின்றுவிட்டது. தஞ்சாவூர் கீழவாசலில், பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் இந்தத் துப்பறியும் ஆபீசுக்கு எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். புருஷன் யோக்கியனா என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. மாப்பிள்ளைக்கு நிஜமாகவே துபாயில் வேலை இருக்கிறதா என்று கேட்டு வந்தவர்களும் உண்டு. கூடப் பிறந்தவனைத் திருடனாக்கச் சொல்லி அழுதுகொண்டு வந்தவள் இவள் ஒருத்திதான்.

"உக்காருங்கம்மா. முதல்லேருந்து சொல்லுங்க," என்றார் சாரங்கபாணி.

சாரங்கபாணி பயிர்க் காப்பீட்டு விசாரணையில் இருபது வருஷம் குப்பை கொட்டியவர். வெள்ளத்தில் பயிர் போச்சு என்று அழுகிறவனின் வேட்டியில் சேறு எதுவரைக்கும் ஏறியிருக்கிறது என்று பார்த்தே, வயலில் தண்ணீர் நின்றதா இல்லையா என்று சொல்லிவிடுவார். அந்த வேலை போரடித்து, இந்த ஆபீசைத் திறந்தார். அவருக்கு உதவி, வேன் டிரைவர், வாயாடி எல்லாம் குந்தவைதான்.

ஃபஹ்மிதா சொன்னாள். சொந்த ஊர் அதிராம்பட்டினம். தஞ்சாவூரில் ஒரு சின்ன வயர்லெஸ் கம்பெனியில் எஞ்சினியர். தம்பி ஜாபிர், வாப்பாவின் கருவாட்டுக் கடையைப் பார்த்துக்கொண்டு ஊரோடு இருப்பவன். சனிக்கிழமை விடியற்காலையில் வைரக்கண்ணு என்கிற படகுக்காரரோடு நண்டு பிடிக்கக் கடலுக்குப் போனான். மத்தியானம் காற்று திரும்பியது, மழை பிடித்துக்கொண்டது. போன படகு திரும்பவில்லை. இன்று செவ்வாய்.

"இன்னைக்கு வெளிச்சம் இருக்கிறவரைக்கும்தான் தேடுவாங்களாம். அதோட விட்டுடுவாங்களாம்."

"அதுக்கும் திருட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"நான் செஞ்ச ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு லேப்லேருந்து காணாமப் போயிருக்கு சார். ஆறு வோல்ட்டுல ஓடற வயர்லெஸ் செட்டு அது. வெள்ளிக்கிழமை காலையில என் கையில இருந்துச்சு. சாயங்காலம் ஜாபிர் எனக்கு சாப்பாடு கொண்டுட்டு லேபுக்கு வந்தான். சனிக்கிழமை பார்த்தா பொட்டியோட இல்ல. அவன் எடுத்துட்டுப் போயிருந்தா கடல்லேருந்து பேச முடியும். உசுரோட இருக்கான்னு நம்பலாம். தேடற அதிகாரிகிட்ட இதைத்தான் சொன்னேன். அவரு, 'உங்க கூட வேலை பார்த்த மதிவாணன் அதே சனிக்கிழமை வேலைய விட்டுட்டுப் போன் போடாமக் கிடக்கான். அவன்தான் எடுத்திருப்பான். தம்பிகிட்ட செட்டு இருக்குன்னு நிரூபிங்க, நாளைக்கும் படகு விடறேன்'ங்கறாரு."

"நீங்க ரேடியோவுல கேட்டுப் பார்த்தீங்களா?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் பூரா கரையில ரிசீவரோட நின்னேன். இரைச்சலைத் தவிர ஒண்ணும் வரல." அவள் குரல் இறங்கியது. "அவன் திருடியிருக்கணும் சார். வேற யாரும் திருடியிருக்கக் கூடாது."

சாரங்கபாணி எழுந்து செருப்பை மாட்டினார். "மதிவாணனுக்கு எந்த ஊரு?"

"ஒரத்தநாட்டுக்குப் பக்கம். ஆனா போன் ஆஃப்ல இருக்கு சார். சென்னைக்குப் போயிருப்பான்னு பேசிக்கிறாங்க."

"விவசாயி மகனா?"

"ஆமா."

"கார்த்திகை மாசம், மழை கொஞ்சம் விட்டிருக்கு, சம்பாவுக்கு மேலுரம் போடற நேரம். எவ்வளவு பெரிய எஞ்சினியரா இருந்தாலும் இந்த வாரம் அப்பன் வயலுக்கு இழுத்துட்டுப் போயிருப்பாரு. குந்தவை, வண்டிய எடு."

"வடை, சார்?"

"வழியில தின்னு."

வேன் ஒரத்தநாட்டு ரோட்டில் ஏறியபோது இரண்டு பக்கமும் வயல்கள் தண்ணீரும் பச்சையுமாகக் கிடந்தன. பின் சீட்டில் ஃபஹ்மிதா மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேசாமல் விட்டால் அவள் உடைந்துபோவாள் என்று குந்தவைக்குத் தோன்றியது. பேச வைப்பதற்காகவே கேட்டாள்.

"ஆம்ப்ளிஃபயர்னா கல்யாண வீட்டுல பாட்டுப் போட்டு அக்கம்பக்கத்தைத் தூங்கவிடாம அடிக்கிறது இல்லையாக்கா?"

"அது சத்தத்தைப் பெருசாக்கும். இது ஆன்டெனாவுக்குப் போற ரேடியோ அலையைப் பெருசாக்கும்." ஃபஹ்மிதா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சாதாரண செட்டுக்குப் பன்னெண்டு வோல்ட் வேணும். எஞ்சின் ஓடறவரைக்கும் பேட்டரி தாங்கும். எஞ்சின் நின்னுட்டா பேட்டரி இறங்கும், செட்டும் செத்துடும். எப்ப கூப்பிடணுமோ சரியா அப்பதான் வாய் அடைச்சுப்போகும். அதனாலதான் குறைஞ்ச வோல்ட்டுல வேலை செய்யற மாதிரி ஒண்ணு செய்யணும்னு ஆரம்பிச்சேன்."

"வோல்ட்டைக் குறைச்சா பலம் குறையாதா?"

ஃபஹ்மிதா ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள். "கடைமடையில தண்ணி எப்படி வரும்? வேகமே இருக்காது. அந்தத் தண்ணிய வெச்சு வயல் பூரா பாய்ச்சணும்னா என்ன செய்வாங்க?"

"வாய்க்காலை அகலமா வெட்டுவாங்க."

"அதேதான். வோல்ட்டுதான் வேகம். அது இல்லாததால கரண்டை அகலமா விட்டேன். ஆனா வேகமில்லாத தண்ணிக்குக் குறுக்க ஒரு புல்லு கிடந்தாலும் தடைதான். என் போர்டுல விரல் நுனி அளவு கம்பி நீண்டுட்டாக்கூட சக்தியெல்லாம் அங்கேயே சூடாகி வீணாப்போயிடும். ட்ரான்சிஸ்டர்ங்கிற அகல வாய்க்காலையும் ஆன்டெனாங்கிற சின்ன மதகையும் சண்டை இல்லாம சேர்த்து வைக்கணும். அதுக்கு நாலு சுத்து கம்பிச்சுருள் ஒண்ணு இருக்கு. அந்தச் சுருள் சரியா அமையறதுக்கே ஒரு வருஷம் ஆச்சு."

"நாலு சுத்துக்கு ஒரு வருஷமா? எங்க அம்மா அதே நேரத்துல நாப்பது முழம் மல்லி கட்டிடுவாங்க," என்றாள் குந்தவை. ஃபஹ்மிதா சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையா அது, பாவம்.

"அதுக்குப் பன்னெண்டு வோல்ட் குடுத்தா?" என்று முன் சீட்டிலிருந்து சாரங்கபாணி கேட்டார்.

"மேட்டூர் அணையை அப்படியே இந்த வாய்க்கால்ல திருப்பிவிட்டா கரை நிக்குமா சார்? கண் மூடித் திறக்கறதுக்குள்ள ட்ரான்சிஸ்டர் கருகிப்போயிடும்."

அதற்குப் பிறகு சாரங்கபாணி வழி நெடுக வாயைத் திறக்கவில்லை. அவர் பேசாமல் வந்தால் ஏதோ கணக்குப் போடுகிறார் என்று அர்த்தம். குந்தவை வேகத்தைக் கூட்டினாள்.

மதிவாணன் வயலில்தான் இருந்தான். லுங்கியை மடித்துக் கட்டி, இடுப்பில் யூரியாக் கூடையோடு, முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தான். வரப்பில் ஃபஹ்மிதாவைப் பார்த்ததும் கை விதைக்கிற பாவனையிலேயே நின்றுபோனது.

"சென்னை எவ்வளவு பசுமையா இருக்கு பாருங்க சார்," என்றாள் குந்தவை.

சாரங்கபாணி சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, ஒரே ஒரு கேள்வி. பொட்டிய எடுத்தது நீங்களா? இல்லைன்னு சொன்னா நாங்க சந்தோஷமா திரும்பிப் போயிடுவோம்."

இப்படி ஒரு விசாரணையை மதிவாணன் எங்கேயும் பார்த்திருக்க மாட்டான். அவன் ஃபஹ்மிதாவைப் பார்த்தான். அவள் இரண்டு கையையும் கோத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, இல்லைன்னு சொல்லு, இல்லைன்னு சொல்லு என்று வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவன் தலையைக் குனிந்தான்.

"நான்தான் எடுத்தேன்."

ஃபஹ்மிதா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சென்னையில ஒரு கம்பெனியில கூப்பிட்டிருந்தாங்க. நான் செஞ்சதுன்னு காட்டலாம்னு எடுத்துட்டேன். தப்புதான். திருப்பிக் குடுத்துடறேங்க," என்று மதிவாணன் திக்கித் திணறினான். "ஜாபிர் காணாமப்போனது சத்தியமா எனக்குத் தெரியாது. நீங்க கேப்பீங்கன்னு பயந்துதான் போனை அணைச்சு வெச்சேன்."

"அப்ப அவன் கையில ஒண்ணுமே இல்ல," என்றாள் ஃபஹ்மிதா. யாரிடமும் சொல்லவில்லை. வயலைப் பார்த்துச் சொன்னாள். "நாலு நாளா வெறுங்கையோட கிடக்கான். கத்தினாலும் கேக்க ஆளில்ல. என் தம்பி போயிட்டான்." பிறகு வாய்விட்டு அழுதாள். பக்கத்து வயலில் களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். குந்தவை அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தால் வருவதெல்லாம் பொய்யாக இருந்தது. அதனால் பிடித்துக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

மதிவாணன் ஓடிப்போய் வீட்டிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்தான். செங்கல் அளவுள்ள நீலப் பெட்டி. மேலே ஃபஹ்மிதாவின் கையெழுத்தில் 'தொடாதே' என்று எழுதியிருந்தது.

"இதால எனக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லங்க. நாலு நாளா முட்டிப் பார்க்கிறேன். ஆறு வோல்ட் குடுத்தா சூடாகுது, ஆன்டெனா பக்கம் ஒண்ணும் வரல."

"திருடின மாடு கறக்கலையாக்கும்," என்றாள் குந்தவை எரிச்சலோடு.

சாரங்கபாணி சட்டென்று திரும்பினார். "என்ன சொன்னீங்க தம்பி? வேலை செய்யலையா?"

"இல்லைங்க."

"வெள்ளிக்கிழமை காலையில வேலை செஞ்சுதாம்மா?"

ஃபஹ்மிதா தலையை ஆட்டினாள். "நல்லா செஞ்சுது."

"காலையில பால் குடுத்த மாடு மறுநாள் மலடாயிடுமா? எனக்கு இந்த சாமானைப் பத்தி ஒரு இழவும் தெரியாது. ஆனா நல்ல விதைநெல்லுன்னு வாங்கினது முளைக்கலைன்னு ஒருத்தன் வந்தா, மூட்டைக்குள்ள இருக்கிறது அதே நெல்லுதானான்னு முதல்ல பார்ப்பேன். மூடியத் திறந்து பாருங்கம்மா."

"பார்த்து என்ன சார் ஆகப்போகுது?"

"திறங்கன்னா திறங்க."

அவர் அதட்டியதில் அவள் திறந்துவிட்டாள். உள்ளே பச்சைப் போர்டு, நடுவில் விரற்கடை அளவு செம்புச் சுருள். ஃபஹ்மிதா கண்ணீரைப் புறங்கையால் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். இன்னும் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இது என்னுது இல்ல."

"என்ன?"

"நான் செஞ்சதுதான். ஆனா இது அது இல்ல." அவள் பேச்சு வேகமானது. "சுருளைப் பாருங்க. நாலு சுத்தும் பல்லு வெச்ச மாதிரி ஒரே இடைவெளியில இருக்கு. சரியான சுருள் இவ்வளவு அழகா இருக்காது சார். ஈர்க்குச்சிய உள்ளே விட்டு ஒவ்வொரு சுத்தையும் விலக்கி விலக்கி, மீட்டர் முள்ளு ஏறற இடத்துல நிறுத்துவேன். இரும்புல தொட்டா அதுவே கணக்கைக் கெடுத்துடும், அதனாலதான் ஈர்க்குச்சி. அப்புறம் அசையாம இருக்க மெழுகுவத்திய உருக்கி ஊத்துவேன். என்னுது கோணல்மாணலா, மெழுகு வழிஞ்சு, பார்க்கவே சகிக்காது. இது நான் கழிச்சுப் போட்ட பழைய போர்டு. மேசைக்கு அடியில அட்டைப் பொட்டியில கிடந்துச்சு."

"அப்படின்னா மதிவாணன் கை வைக்கறதுக்கு முன்னாடியே யாரோ நல்லதை எடுத்துட்டு, பொட்டியோட கனம் குறையாம இருக்க இதைப் போட்டு மூடியிருக்காங்க," என்றார் சாரங்கபாணி. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜாபிர் லேப்ல எவ்வளவு நேரம் இருந்தான்?"

"நான் அஸர் தொழப் போனேன். தொழுதுட்டு வர்றவரைக்கும் தனியாத்தான் இருந்தான்." அவள் எழுந்து நின்றாள். "அவன்தான். சார், அவன்தான் எடுத்திருக்கான்."

"திருட்டுப்பயலே திருட்டுக் கொடுத்தவனாயிட்டான்," என்று குந்தவை மதிவாணனைப் பார்த்தாள்.

ஆனால் ஃபஹ்மிதாவின் முகத்தில் வந்த வெளிச்சம் வேனை நெருங்குவதற்குள் அணைந்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எரிச்சிருப்பான் சார். படகுல பன்னெண்டு வோல்ட் பேட்டரிதான் இருக்கு. எங்க ஊர்ல லைட்டானாலும் மோட்டாரானாலும் கண்ணை மூடிக்கிட்டு அதுலதான் மாட்டுவாங்க. கடலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கறேன், குடுன்னு ஒரு மாசமா நச்சரிச்சான். 'பல்பு மாட்டத் தெரியாதவன்கிட்ட இதைக் குடுப்பேனா'ன்னு விரட்டினேன். ஆறு வோல்ட்டுன்னு சொல்லியிருக்கேன்தான். நான் சொல்லி எதைக் காதுல வாங்கியிருக்கான்? மாட்டியிருப்பான், கருகியிருக்கும். அதனாலதான் ஞாயித்துக்கிழமை சத்தமே இல்ல."

அவள் அதிகாரிக்குப் போன் போட்டுச் சொல்லிப் பார்த்தாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். செட்டு அவனிடம் இருந்தும் நாலு நாளாகப் பேசவில்லை என்றால் அதற்கு என்னம்மா அர்த்தம் என்று திருப்பிக் கேட்டார். போனை மடியில் போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

"அதிராம்பட்டினம் போ," என்றார் சாரங்கபாணி. "புறப்படறதுக்கு முன்னாடி அவன் கடைசியா எங்க கை வெச்சான்னு பார்க்கணும்."

பட்டுக்கோட்டையைத் தாண்டியதும் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. வைப்பர் இந்தப் பக்கம் தள்ளுவதற்குள் அந்தப் பக்கம் நிறைந்தது. இந்த மழையில் கூரையில்லாத ஒரு சின்னப் படகு எப்படிக் கிடக்கும் என்று குந்தவை நினைத்தாள். நினைத்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஹாஜா மைதீனின் கருவாட்டுக் கடை கடைத்தெருக் கோடியில் இருந்தது. மகன் கடலில் கிடக்க, அவர் கடையைத் திறந்து வைத்திருந்தார். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று சொன்னாராம். மகளைப் பார்த்தார், கூட வந்தவர்களைப் பார்த்தார். ஒரு அம்மாளுக்கு நெத்திலி நிறுத்துக்கொண்டிருந்தார். தொங்குதராசு ஒன்றைக் கையில் தூக்கிப் பிடித்து, துருப்பிடித்த எடைக்கல்லைப் போட்டு நிறுத்தார். முள் நிலைக்கு வருமுன்பே பொட்டலம் கட்டினார்.

"மியூசியத்துலேருந்து வாங்கினதா பாய்?" என்று கேட்டுவிட்டாள் குந்தவை. கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சாரங்கபாணியின் கண் மேசை மேல் போனது. அங்கே எலெக்ட்ரானிக் தராசு ஒன்று துணி போர்த்திச் சும்மா கிடந்தது.

"இது இருக்கும்போது எதுக்கு பாய் அது?"

"அதுக்கு உசுரு போயிடுச்சுங்க. கரண்டு இருந்தா எரியும், கரண்டு போனா கூடவே படுத்துடும். இந்த மழையில கரண்டு எங்க நிக்குது?"

"கரண்டு போனாலும் ஓடணுமே. உள்ளே பேட்டரி இருக்குமே?"

"இருந்துச்சு. முன்னெல்லாம் நாள் பூரா தாங்கும். சனிக்கிழமைலேருந்து இப்படித்தான். பேட்டரி செத்திருக்கும்னு விட்டுட்டேன். இருக்கிற இருப்புல அதை எவன் பார்த்தான்?"

"சனிக்கிழமைலேருந்தா?"

சாரங்கபாணி தராசைத் தலைகீழாகத் திருப்பினார். அடிமூடியை இழுத்தார். உள்ளே இரண்டு ஒயர்கள் அந்தரத்தில் தொங்கின. பேட்டரி இருந்த இடம் காலியாக இருந்தது. வாப்பாவும் மகளும் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள்.

"இதுல எத்தனை வோல்ட் பேட்டரிம்மா போடுவாங்க?"

ஃபஹ்மிதா எட்டிப் பார்த்தாள்.

"ஆறு."

"படகுல பன்னெண்டு சும்மா கிடக்கு. அதை விட்டுட்டு, வாப்பாகிட்ட உதை வாங்கினாலும் பரவாயில்லைன்னு அதுல பாதி இருக்கிறதை ஒருத்தன் கழட்டிட்டுப் போறான்னா அவன் யாரு? உங்க பேச்சைக் கேட்டவன். இந்த ஊர்லயே ஒருத்தன்தான் இருப்பான்." சாரங்கபாணி மூடியைத் திரும்பப் போட்டார். "செட்டு எரியலம்மா. அது அவன்கிட்ட உசுரோட இருக்கு."

ஹாஜா மைதீனுக்கு வோல்ட்டும் புரியவில்லை, செட்டும் புரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. "என் பையன் என் தராசுல கை வெச்சானா? வெச்சிட்டுத்தான் போனானா?" என்று கேட்டுக்கொண்டே நெத்திலி மேல் உட்காரப் போனவரைக் குந்தவை பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தாள். "அல்ஹம்துலில்லாஹ்," என்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அவர் தேம்பினார்.

"அப்புறம் ஏன் சார் ஞாயித்துக்கிழமை கேக்கல?" என்றாள் ஃபஹ்மிதா. உடனே அவளே தலையில் அடித்துக்கொண்டாள். "கரையில நின்னேன். தரையில நின்னா பத்துப் பன்னெண்டு கிலோமீட்டருக்கு மேல அந்த அலை வராது. பதட்டத்துல மூளையே ஓடல. உயரம் வேணும்."

"இந்த ஊர்ல எது உயரம்?"

"தண்ணித் தொட்டி."

"எப்ப கேட்டீங்கங்கிறதும் இருக்கு. சின்ன பேட்டரி, மிச்சம் பண்ணித்தான் பேசுவான். போன் செத்திருக்கும், மணி தெரியாது. மணி தெரியாதவனுக்கு வானம்தான் கடிகாரம். பொழுது சாஞ்சு, எல்லாரும் மஃரிப் தொழுதுட்டு வீட்ல இருக்கிற நேரமாப் பார்த்துத்தான் கூப்பிடுவான். நீங்க நின்னது மத்தியானம்."

மழை விட்டிருந்தது. மேற்கே மேகத்துக்கு அடியில் ஒரு சிவப்புக் கீற்று மட்டும் பாக்கி இருந்தது. சாரங்கபாணி படகுத்துறையில் அதிகாரியைப் பிடித்து வைக்கப் போனார். பெண்கள் இருவரும் தொட்டிக்கு ஓடினார்கள். ஏணி ஈரத்தில் வழுக்கியது. குந்தவைக்கு நாற்காலி மேல் ஏறினாலே தலை சுற்றும். "கீழே விழுந்தா சாரங்கபாணி சாரை நல்ல டிரைவரா பார்த்துக்கச் சொல்லுங்கக்கா," என்று முனகிக்கொண்டே ஏறினாள்.

உச்சியில் நின்றபோது கடல் தெரிந்தது. தேடப் போன படகுகள் விளக்குப் போட்டுக்கொண்டு வரிசையாகக் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. ஃபஹ்மிதா கைப்பையிலிருந்து ரிசீவரை எடுத்து ஆன்டெனாவை இழுத்துவிட்டாள். இரைச்சல் கேட்டது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடித்தார்கள். இரைச்சல்தான். தொழுகை முடிந்து ஆட்கள் தெருவில் நடமாடினார்கள். இரைச்சலைத் தவிர வேறொன்றும் இல்லை. ஃபஹ்மிதாவின் உதடு ஓதிக்கொண்டே இருந்தது. கடவுளே, ஒரே ஒரு வார்த்தை, என்று குந்தவையும் தன் பங்குக்கு எல்லா சாமியையும் கூப்பிட்டாள்.

இரைச்சல் சட்டென்று அடங்கியது. அந்த அமைதிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"லாத்தா... உன் தம்பி ஜாபிர் பேசறேன். திட்டாத. நான்தான் எடுத்துட்டு வந்தேன்."

ஃபஹ்மிதா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். குந்தவை ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சாரங்கபாணிக்குப் போனைப் போட்டாள். "சார், பேசறான். அதிகாரி காதுல போனை வைங்க," என்று ரிசீவர் பக்கத்தில் நீட்டினாள்.

"தினம் இந்த நேரத்துக்குப் பேசறேன். கேக்குதான்னு தெரியல. நீ பதில் சொல்ல முடியாது, அதுக்கு வேண்டிய செட்டுதான் என் கையில இருக்கே." குரல் வறண்டு கிடந்தது. "எஞ்சின் போயிடுச்சு. காத்துல போயிடாம நங்கூரம் போட்டுட்டோம். இருட்டினா கோடியக்கரை லைட்ஹவுஸ் வெளிச்சம் கிழக்க மங்கலா சுத்தறது தெரியுது. தண்ணி தீந்துபோச்சு. வைரக்கண்ணு அண்ணனுக்கு ஜுரம் கொதிக்குது, பேச்சே இல்ல. யாராவது வாங்க."

போனில் அதிகாரியின் குரல் படபடத்தது. "நங்கூரமா? காத்து தள்ளியிருக்கும்னு நாங்க தெக்கயே தேடிக்கிட்டு இருக்கோம். கிழக்க திருப்புங்கடா. வந்த படகை நிறுத்துங்க, டீசல் ஊத்துங்க." பிறகு போனுக்கு வந்தார். "அம்மா, கிளம்பறோம். ஆனா இருட்டு. அவரைப் பேசிக்கிட்டே இருக்கச் சொல்லுங்க. எங்க படகு செட்டுல சிக்னல் எந்தப் பக்கம் பலமா வருதோ அதை வெச்சுத்தான் கிட்டப் போக முடியும்."

அதே நேரம் ரிசீவரில், "பேட்டரி இறங்கிட்டே வருது லாத்தா. இன்னைக்கு இவ்வளவுதான். நாளைக்கும் பேசணுமில்ல, அணைச்சு வெக்கிறேன்," என்றது குரல். மறுபடி இரைச்சல் வந்தது.

"அணைக்காத!" ஃபஹ்மிதா ரிசீவரைப் பார்த்துக் கத்தினாள். "டேய், அணைக்காதடா. ஆறு அஞ்சானாலும் அது பேசும், நாலரை ஆனாலும் பேசும். பேட்டரி சாகிற நேரத்துல பேசறதுக்குன்னுதான்டா அதைச் செஞ்சேன். நாளைக்குன்னு மிச்சம் பண்ணாதடா, இன்னைக்கே வர்றாங்க." அது கேட்கிற பெட்டிதான், பேசுகிற பெட்டி இல்லை என்று அவளை விட நன்றாகத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்? ஆனாலும் கத்தினாள். தொண்டை கட்டுகிறவரை கத்தினாள்.

கீழே படகுத்துறையில் ஒவ்வொரு எஞ்சினாக உயிர் பெற்றது. கரைக்கு வந்த விளக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பி மறுபடி கடலைப் பார்த்தன. கிழக்கே எங்கே என்று தெரியாமல் அவை போய்க்கொண்டிருந்தன. குந்தவை போனில், "பேச்சு நின்னுபோச்சு சார்," என்றாள். ஃபஹ்மிதாவிடம் இப்போது குரலே இல்லை. ரிசீவரை மடியில் வைத்துக்கொண்டு, இருட்டிவிட்ட கடலைப் பார்த்தபடி, வாய் மட்டும் அசைய உட்கார்ந்திருந்தாள்.

இரைச்சல் மறுபடி அடங்கியது.

"லாத்தா, நான்தான். அணைச்சு வெச்சுட்டுச் சும்மா உக்கார முடியல. பயமா இருக்கு. பேட்டரி போனா போகட்டும். நீ கேட்டாலும் கேக்காட்டியும் நான் பேசிக்கிட்டே இருக்கேன், என்ன?"

"பேசு," என்றாள் ஃபஹ்மிதா.